பட்டியலில் இல்லாத பழம்

பழப் பகுதிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், அனுபவத்தில் கண்டதை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். பெட்டிகளை எப்படி அடுக்குவது, குளிர் அறையில் எதை எதோடு வைக்கக்கூடாது, லொறி வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது என்பவையெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை நான் திரும்பச் சொல்லவில்லை. கையேட்டில் இல்லாத ஒன்று தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எனக்கு நடந்தது. அதில் பிழை செய்தவன் நான்தான். ஆகவே பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஓர் அறையில் நான்கு பேரோடு இருந்துகொண்டு உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். பிறகு ஸ்காபரோவுக்கு மாறினேன். டோர்செட் பார்க்கில் உயரமான தொடர்மாடிகளுக்குப் பக்கத்து பிளாசாவில் குலம் அண்ணை பலசரக்குக் கடை வைத்திருந்தார். பழப் பகுதிக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும் என்றார். ஊரில் நான் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன். பழங்களைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் கேட்கவே இல்லை. யாழ்ப்பாணத்து ஆளுக்கு மாம்பழம் தெரியாமல் இருக்குமா என்பது அவருடைய எண்ணம். என்னுடைய எண்ணமும் அதுதான்.

கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். மீதிப் பேரில் பெரும்பான்மை பிலிப்பினோக்காரர். ஒரே தொடர்மாடிகளில்தான் எல்லோரும் இருந்தோம். ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும் வயதானவர்களைப் பராமரிக்கும் வீடுகளிலும் வேலை செய்பவர்கள். எங்களுக்குத் தேவையான அதே பழங்கள்தான் அவர்களுக்கும் தேவை. பெயர் மட்டும்தான் வேறு.

முதல் கிழமையே ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நேரே என்னிடம் வந்து, "லங்கா?" என்று கேட்டார்.

நான் சந்தோஷத்தோடு, "யெஸ், யெஸ். ஸ்ரீலங்கா. யாழ்ப்பாணம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அப்படியே நின்றார். நானும் சிரித்தபடி நின்றேன். கடைசியில் அவர் இரண்டு கைகளையும் அகல விரித்து, பெரிய பாரமொன்றைத் தூக்குவதுபோலக் காட்டி, அதன் மேல் விரல் நுனியால் முள் முள்ளாகக் குத்திக் காட்டினார். பலாப்பழம். அவர்களுடைய மொழியில் பலாப்பழத்துக்கு லங்கா என்று பெயர்.

அவர் பெயர் ரெமி. அவர்கள் மூத்த பெண்களை 'ஆத்தே' என்று அழைப்பார்கள். எங்கள் ஊரில் தாயை 'ஆத்தை' என்று கூப்பிடும் வழக்கம் இருந்ததால் அந்தச் சொல் என் வாயில் சுலபமாக வந்தது. அவர் என்னைக் 'கூயா' என்பார். அண்ணன் என்று பொருள். வயதில் இளைய கடைக்காரரையும் மரியாதைக்கு அப்படித்தான் அழைப்பார்கள். நாங்கள் இருவரும் பேசியது உடைந்த ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் அவர் ஒரு பெட்டி மாங்காய் எடுத்து வைக்கச் சொன்னார். நல்ல பச்சையாக ஒரு பெட்டி வந்தது. பச்சையாகக் கொடுத்தால் பாவம் என்று நினைத்து, சூடான இடத்தில் கடதாசிக்குள் வைத்து மூன்று நாள் கனிய வைத்தேன். சனிக்கிழமை பெட்டியைத் திறந்து காட்டியபோது ரெமியின் முகம் விழுந்துவிட்டது. அவர் கேட்டது கல்லுப்போலப் புளிக்கும் மாங்காய். அதைச் சீவி, உப்பில் ஊறிய கூனி இறால் கூட்டோடு தொட்டுச் சாப்பிடுவதற்காக எட்டுப் பேர் அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. எட்டுப் பேரும் முதியவர்களைப் பராமரிக்கும் வீடுகளிலேயே தங்கி வேலை செய்பவர்கள். அவர்கள் ஒன்றாகக் கூடக் கிடைப்பது எப்போதாவது ஒரு சனிக்கிழமை.

"கூயா, நான் கேட்டதைத் தராமல் நீ நல்லது என்று நினைத்ததைத் தந்திருக்கிறாய்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அன்றிலிருந்து அந்த விஷயத்தில் கவனமாக இருந்தேன். யார் எதைக் கேட்டாலும் அதை அப்படியே கொடுப்பது, கேட்பவருக்குப் பிடித்தமாதிரி நடப்பது என்று முடிவெடுத்தேன். ஒரு வருடத்துக்குள் பிலிப்பினோக்காரர் மத்தியில் எனக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. சீத்தாப்பழத்தை, எங்கள் அன்னமுன்னாவை, அவர்கள் ஆத்தீஸ் என்பார்கள், சப்போட்டாவைச் சிக்கோ என்பார்கள், புளியைச் சம்பாலொக் என்பார்கள் என்றெல்லாம் படித்துவிட்டேன். நல்ல கடைக்காரன் ஆகிவிட்டேன் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ரெமியின் கணவர் பெயர் எர்னி. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி வேலையை விட்டுவிட்டார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சுத்திகரிப்பதால் சனிக்கிழமை அவருக்குத் தெம்பான நாள். அன்று மனைவியோடு கடைக்கு வருவார். வண்டிலைத் தள்ளுவது அவர்தான். வாழைப்பழம், தோடம்பழம், பப்பாசி, இளநீர் எதுவும் அவருக்குக் கூடாது. என்னென்ன கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியல் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருப்பதாகச் சொல்லுவார்.

"நான் பழக் கடைக்கு வருவது அருங்காட்சியகத்துக்குப் போவதைப் போல. பார்க்கலாம், தொடக்கூடாது" என்று சிரிப்பார்.

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது புளோரிடாவிலிருந்து நட்சத்திரப் பழம் வந்தது. ஊரில் காமரங்காய் என்போம். அவர்கள் பாலிம்பிங் என்பார்கள். குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம்போல இருக்கும். வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தருவித்திருந்தேன்.

அதை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளைச் சப்பாத்து, குளிர் அங்கிக்குக் கீழே ஆஸ்பத்திரி உடுப்பு. அவரும் பிலிப்பினோக்காரர். அடிக்கடி வருபவர்தான், ஆனால் பெயர் தெரியாது. இன்றுவரை தெரியாது. தாதி என்பது மட்டும் தெரியும்.

"இதை எல்லோருக்கும் விற்கிறீர்களா?" என்று கேட்டார்.

"ஏன்? நல்ல பழம்."

"நல்ல பழம்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கூடாது. நான் மணிலாவில் டயலிசிஸ் பகுதியில் வேலை செய்தேன். இரண்டு நோயாளிகள் இதைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். விக்கல் நிற்கவில்லை. பிறகு மனம் குழம்பிவிட்டது. ஒருவர் பிழைக்கவில்லை. பெரிய டொக்டர் அதற்குப் பிறகு இந்தப் பழத்தை எங்கள் பகுதிக்குள் கொண்டுவர விடவில்லை. இங்கே உள்ளவர்களுக்கு இது இன்னும் தெரியாது. ஒரு மட்டையில் எழுதி வையுங்கள்."

"கட்டாயம்" என்றேன்.

எழுதவில்லை. அதற்கு நான் எனக்குள் சொல்லிக்கொண்ட காரணத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும். பழக் கடையில் நிற்பவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒருவர் ஏதாவது எச்சரிக்கை சொல்லுவார். பிள்ளைத்தாச்சிப் பெண் அன்னாசி தின்னக்கூடாது, பலாப்பழத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது, மாம்பழம் சூடு, வத்தகப்பழம் குளிர். எங்கள் ஆட்களும் சொல்லுவார்கள், அவர்களும் சொல்லுவார்கள். நான் எல்லோருக்கும் தலையாட்டுவேன். தாதி சொன்னதையும் அந்தக் குவியலோடு போட்டுவிட்டேன்.

இப்போது யோசித்தால் வித்தியாசம் வெளிச்சமாகத் தெரிகிறது. மற்றவர்கள் எல்லோரும் 'அப்படிச் சொல்லுவினம்' என்றார்கள். அவர் ஒருவர்தான் 'நான் பார்த்தேன்' என்றார். எங்கே பார்த்தார், எத்தனை பேரைப் பார்த்தார், என்ன நடந்தது என்றும் சொன்னார். உங்களிடம் யாராவது அப்படிப் பேசினால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள்.

நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட சனிக்கிழமை. பிலிப்பினோக்காரர் புதுவருடப் பிறப்பன்று மேசையில் பன்னிரண்டு வகை உருண்டைப் பழங்கள் வைப்பார்கள். மாதத்துக்கு ஒன்று. உருண்டையாக இருந்தால் வருடம் நிறைவாக இருக்கும் என்று நம்பிக்கை. எட்டு, ஒன்பது வகை சுலபமாகக் கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் ஓட்டம். அன்று கடைக்குள் நிற்க இடமில்லை. வாசலில் உருகிய பனி உள்ளே ஆறாக ஓடுகிறது. ஒருவர் பொமலோ கேட்கிறார், ஒருவர் லோங்கன் கேட்கிறார், பத்து வகைதான் கிடைத்தது, இனி எதை வைப்பது என்று ஒரு பெண் அழும் நிலையில் நிற்கிறார்.

நட்சத்திரப் பழம் உருண்டையில்லை. அதனால் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமைக்குள் அவ்வளவும் கறுத்துவிடும் போலிருந்தது. சிலவற்றை வெட்டி ஒரு தட்டில் பரப்பி, ருசி பார்க்க வெளியே வைத்தேன்.

எர்னி வண்டிலோடு வந்து தட்டுக்கு முன்னால் நின்றார். ரெமி கொய்யாப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கூயா, பாலிம்பிங்! எத்தனை வருடம்!" என்றார். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது என் பட்டியலில் இல்லை. இதில் என்ன இருக்கிறது? தண்ணீர்தானே?"

தாதி சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. அந்த வெள்ளைச் சப்பாத்தும் நினைவுக்கு வந்தது. ஆனால் எனக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் தராசில் பழத்தை வைத்துவிட்டு 'பரா' என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். எர்னியின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இரண்டு துண்டில் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

"ஓம், கனக்கத் தண்ணிதான்" என்று தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அவர் நான்கு துண்டு சாப்பிட்டார். ரெமியைக் கூப்பிட்டு ஒரு பை நிறைய எடுத்தார். நன்றாகக் கனிந்த இரண்டை நானே மேலதிகமாகப் பைக்குள் போட்டேன். "வீட்டில் ஜூஸ் அடித்துக் குடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணியிருக்கும். கடைத் தொலைபேசி அடித்தது. குலம் அண்ணைதான் எடுத்தார். கேட்டுவிட்டு, தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தி என்னைக் கூப்பிட்டார்.

"உம்மட பிலிப்பினோ மனுசி. பழத்தில என்னவோ பிழையாம். நல்லாக் கழுவித்தான் வைச்சனாங்கள் எண்டு சொல்லும். வேற ஒண்டும் கதைக்காதையும்."

நான் தொலைபேசியை வாங்கினேன். ரெமியின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"கூயா, அந்தப் பழத்துக்கு ஏதாவது மருந்து அடித்திருந்தார்களா? எர்னிக்கு விடியற்காலையிலிருந்து விக்கல். நிற்கவே இல்லை. இரண்டு தரம் வாந்தி. இப்போது என்னைத் தன் தங்கையின் பெயரால் கூப்பிடுகிறார். தங்கை இறந்து இருபது வருடம்."

குலம் அண்ணை எனக்கு முன்னால் நின்று கழுவுவதுபோல இரண்டு கைகளையும் உரசிக் காட்டினார்.

அந்த நேரத்தில் நான் துணிச்சலாக எதையோ தீர்மானித்தேன் என்று நினைக்காதீர்கள். ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அவருக்கு என்ன வந்தது என்று தெரிந்தவன் இந்த ஊரில் அந்த நிமிடம் நான் ஒருவன்தான். வீட்டிலிருக்கும் மனைவிக்குத் தெரியாது. அம்புலன்ஸில் வருபவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

"ஆத்தே, மருந்து இல்லை. பழம்தான் காரணம். உடனே 911-க்கு அடியுங்கள். அவர் டயலிசிஸ் செய்யும் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நட்சத்திரப் பழம் சாப்பிட்டார் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். எத்தனை சாப்பிட்டார்?"

"நேற்று ஜூஸ். இரவு மூன்று, நான்கு. தெரியாது."

"மிச்சப் பழத்தையும் கையில் கொண்டுபோங்கள். காட்டுங்கள்."

தூரத்தில் எர்னியின் விக்கல் எனக்குக் கேட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று ரெமி கேட்டார்.

"ஒரு தாதி சொன்னார்."

"எப்போது?"

"பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால்."

தொலைபேசி வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

குலம் அண்ணை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "விசரே உமக்கு? நீரே உம்மட வாயால சொல்லிப் போட்டீர். நாளைக்கு வழக்கு எண்டு வந்தா நான் கடையைப் பூட்டிப்போட்டு எங்க போறது? நாங்கள் பழம் விக்கிற ஆக்கள் பரா, டொக்டர் வேலை பாக்கிற ஆக்களில்லை."

"அண்ணை, அந்தாள் செத்துப் போகும்."

"ஆர் சொன்னது?"

"பாத்த ஆள் சொன்னது."

அதற்குமேல் அவரோடு நான் கதைக்கவில்லை. தொலைபேசிப் புத்தகத்தில் ஆஸ்பத்திரியின் இலக்கத்தைத் தேடி எடுத்து, டயலிசிஸ் பகுதியைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, யாருமில்லை என்றார்கள். அப்படியானால் அவசர சிகிச்சைப் பகுதியைத் தாருங்கள் என்றேன். நெடுநேரம் இசை ஓடியது. பிறகு ஒரு பெண் எடுத்தார். எர்னியின் முழுப் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு சிறுநீரகமும் பழுதான ஒரு பிலிப்பினோக்காரர், மனைவி பெயர் ரெமி, அம்புலன்ஸில் வருகிறார், நட்சத்திரப் பழம் சாப்பிட்டிருக்கிறார், விக்கலும் மனக்குழப்பமும் அதனால்தான், மணிலாவில் இப்படி நடந்து ஒருவர் இறந்திருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"நீங்கள் டொக்டரா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இல்லை."

"உறவினரா?"

"இல்லை. பழத்தை விற்றவன்."

"பழத்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். எழுதும் சத்தம் கேட்டது.

பிறகு நட்சத்திரப் பழம் அவ்வளவையும் தட்டிலிருந்தும் அடுக்கிலிருந்தும் எடுத்துப் பின்னால் கொண்டுபோனேன். ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்து, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் நட்சத்திரப் பழம் சாப்பிட வேண்டாம், நேற்று வாங்கியிருந்தால் சாப்பிடாமல் எறிந்துவிடுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டு, தகாலொக் மொழியிலும் எழுதுவித்தேன். வாசல் கண்ணாடியில் ஒட்டினேன்.

குலம் அண்ணை அதைக் கழற்றினார். நான் மறுபடி ஒட்டினேன். அவர் மறுபடி கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார்.

"நேற்று எத்தினை பேர் வாங்கினவை?" என்று கேட்டார்.

"ஒரு பத்துப் பேர் இருக்கும். எங்கட ஆக்கள் மூண்டு பேர்."

"அதில கிட்னி வருத்தக்காரர் இருக்கினமோ?"

"தெரியாது அண்ணை. அதுதானே பிரச்சினை."

அவர் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தமிழ் வானொலிக்குத் தொலைபேசி எடுத்து, தன் கடைப் பெயரைச் சொல்லியே அறிவிக்கச் சொன்னார். மட்டையை என்னிடம் திருப்பித் தந்து, "எழுத்து வாசிக்க ஏலாமல் கிடக்கு. பெரிசா எழுதும்" என்றார். அவர்மீது எனக்கு அதுவரை இருந்த கோபம் அத்தோடு போய்விட்டது. பயந்த மனிதர்தான். ஆனால் பயத்தோடேயே சரியானதைச் செய்யவும் அவரால் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பிற்பாடுதான் அறிந்தேன். முதலில் பார்த்த இளம் டொக்டர் மூளையில் இரத்தக் கசிவோ என்று நினைத்துத் தலையைப் படம் எடுக்க அனுப்பியிருக்கிறார். ரெமி பழப் பையைத் தூக்கிக் காட்டியதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் தொலைபேசியில் என்னோடு பேசிய பெண் எழுதிவைத்த குறிப்பும் அதையே சொல்ல, அவர் சிறுநீரக நிபுணரை வீட்டிலிருந்து அழைத்திருக்கிறார். திங்கட்கிழமை வரை பார்க்காமல் அன்று பின்னேரமே எர்னியின் இரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். அதற்கிடையில் ஒருதரம் வலிப்பும் வந்துவிட்டது. இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். மூன்றாம் நாள் விக்கல் நின்றது.

தை மாத நடுவில் ரெமி தனியாகக் கடைக்கு வந்தார். கூடை எடுக்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"சனிக்கிழமை அவர் உன்னிடம் கேட்டார். அப்போது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"மறந்துவிட்டாயா?"

"இல்லை."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதை எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன். அவர் பக்கத்திலிருந்த தோடம்பழங்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவருக்குச் சனிக்கிழமை நடந்தது எதுவும் ஞாபகமில்லை. நீ தொலைபேசியில் சொன்னதை நான் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு நீ அழைத்ததைத் தாதிகள் சொன்னார்கள். பழக்கடைக் கூயாதான் என்னைக் காப்பாற்றினான் என்று வருகிறவர் எல்லோருக்கும் சொல்லுகிறார். தொழிற்சாலைச் சிநேகிதர்களுக்கும் சொல்லுகிறார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. உண்மையை நான் சொல்லமாட்டேன். நீ வந்து சொல்லு."

அடுத்த ஞாயிறு பின்னேரம் போனேன். பதினோராம் மாடி. எர்னி யன்னலுக்குப் பக்கத்தில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். பாதியாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்ப முயன்றார். நான் தடுத்து, எதிரில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். தாதி சொன்னது, நான் மட்டை எழுதாமல் விட்டது, அவர் கேட்டபோது எனக்கு அது நினைவு வந்தது, அப்படியும் தண்ணீர்தான் என்று சொன்னது, இரண்டு பழம் மேலதிகமாகப் போட்டது. எதையும் விடவில்லை. ரெமி குசினி வாசலில் நின்றார்.

எர்னி யன்னல் வழியே வெளியே பார்த்தார். கீழே பனியில் யாரோ காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டியல் தந்த நாளிலேயே ஆஸ்பத்திரியில் ஒன்று சொன்னார்கள்" என்றார். "பட்டியலில் இல்லாத எதையும் எங்களிடம் கேட்காமல் சாப்பிடாதே என்று. தொலைபேசி இலக்கமும் தந்தார்கள். கடைக்கு வெளியே தொலைபேசிப் பெட்டி இருந்தது. நான் அவர்களிடம் கேட்டிருக்கலாம். உன்னிடம் கேட்டேன். உன்னிடம் கேட்டால் நீ ஆம் என்பாய் என்று எனக்குத் தெரியும்."

ரெமி எதையோ சொல்ல வாயெடுத்தார். எர்னி கையைக் காட்டி நிறுத்தினார். "ஞாபகமில்லை என்றுதான் சொன்னேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது" என்றார்.

ரெமி உள்ளே போய்விட்டார். குசினியில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மன்னித்தேன் என்று எர்னி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அரை மணித்தியாலம் தொலைக்காட்சியில் ஐஸ் ஹொக்கி பார்த்தோம். பிறகு எழும்பி வந்துவிட்டேன்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்லுகிறேன் என்றால், எங்கள் வேலையில் ஒருவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி எப்போதும் பழத்தைப் பற்றியது அல்ல. சிலர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு, உடன்பட ஓர் ஆளைத் தேடுகிறார்கள். வரிசையில் எட்டுப் பேர் நிற்கும்போது உடன்படுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்ல எனக்கு அதற்குப் பிறகும் பல மாதம் பழக வேண்டியிருந்தது.

மட்டை வாசலில் இருந்தது. நட்சத்திரப் பழத்தைத் திரும்ப விற்கத் தொடங்கியபோது பழத்துக்கு மேலேயே தொங்கவிட்டோம். விற்பனை பாதியாகக் குறைந்தது. குலம் அண்ணை அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அந்தத் தாதி திரும்பவும் கடைக்கு வந்தாரா, மட்டையைக் கண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெள்ளைச் சப்பாத்தையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை எர்னி வந்தார். தடி ஊன்றியிருந்தார். இந்தத் தடவை வண்டிலைத் தள்ளியது ரெமி. பழப் பகுதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, புதிதாக வந்திருந்த சிக்கோ ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

"கூயா, இது எனக்கு ஆகுமா? சின்னப் பழம்தானே."

"எனக்குத் தெரியாது எர்னி. ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு வாருங்கள்."

"ஒன்றே ஒன்று."

"கேட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"முன்பு நீ நல்ல கடைக்காரனாக இருந்தாய்" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு அரிசிப் பக்கம் போனார். ரெமி வண்டிலை மெல்லத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார். நான் அந்தப் பழத்தைத் திருப்பி அடுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தேன்.